மாதிரி ரயில்காரர்களின் இரண்டு பட்டியல்கள்

டிசம்பர் பிறந்ததும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் உள்ள மாதிரி ரயில் ஆர்வலர்கள் இரண்டு பட்டியல்களை எழுதத் தொடங்குகிறார்கள். முதலாவது, வீட்டார் கண்ணில் படும்படி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்படுவது. அதில் எஞ்சின்களின் பெயர்களோடு தயாரிப்பு எண்களும் இருக்கும். தவறான அளவில் ஒன்றை யாராவது வாங்கி வந்துவிட்டால் அதை ஓட்டவும் முடியாது, கொடுத்தவர் முகம் வாடாமல் திருப்பித் தரவும் முடியாது என்பதால் எண்ணின் கீழே இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள். இரண்டாவது பட்டியல் யாருக்கும் காட்டப்படுவதில்லை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே கிடைக்கும் ஒரு வாரத்தில் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் அதில் இருக்கும்: குன்றுக்குப் பிளாஸ்டர் பூசுவது, மூன்று ஆண்டுகளாக மொட்டையாக நிற்கும் நிலையக் கட்டடத்துக்குக் கூரை போடுவது, ஒவ்வொரு முறையும் மூன்றாவது பெட்டி தடம்புரளும் அந்த ஒரு இணைப்பைச் சரிசெய்வது.

ரயிலைக் கட்டத் தெரியாத, ஆனால் கட்டுபவர்கள் எழுதுவதை விரும்பி வாசிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நாம். அப்படி வாசித்துவந்ததில் நமக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. முதல் பட்டியல் பெரும்பாலும் வணிகம் எழுதிக்கொடுத்தது. இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு முதல் பட்டியல் நீள்வதையும் இரண்டாவது சுருங்குவதையும் பண்டிகைக் காலத்துச் செழிப்பு என்று கொண்டாட நம்மால் முடியவில்லை.

வணிகம் எழுதிக்கொடுத்தது என்று சொல்வது மிகையல்ல. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கிய மார்க்லின் நிறுவனம் முதலில் செய்தவை பொம்மை வீடுகளுக்கான தகரச் சமையலறைச் சாமான்கள். பொம்மை வீட்டில் ஒரு வசதி உண்டு. வீட்டை ஒருமுறை வாங்கியவர் அடுத்த ஆண்டு அடுப்பையும் அதற்கடுத்த ஆண்டு பாத்திரங்களையும் வாங்கியே தீர வேண்டும். அதே உத்தியை மார்க்லின் ரயிலுக்குக் கொண்டுவந்தது. 1891இல் லைப்சிக் சந்தையில் அது காட்டிய பொம்மை ரயிலுக்குத் தண்டவாளங்களும் பெட்டிகளும் தனித்தனியே கிடைத்தன. தண்டவாள அகலங்களுக்கு எண்ணிட்ட திட்ட அளவுகளும் வகுக்கப்பட்டன. இந்த ஆண்டு ஒரு வட்டம், அடுத்த ஆண்டு ஒரு கிளைப்பாதை, அதற்கடுத்த ஆண்டு ஒரு பாலம். அளவு ஒன்றாக இருப்பதால் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும், ஆகவே எதுவுமே போதாது. திட்ட அளவு என்பது பொறியியலாளர்களின் ஒழுங்குணர்ச்சியிலிருந்து பிறந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொம்மை ரயிலைப் பொறுத்தவரை அது ஆசையை ஆண்டுத் தவணைகளாகப் பிரிக்கும் ஏற்பாடாகவும் இருந்தது. கிறிஸ்துமஸ் அதற்கு வாய்ப்பான தவணைத் தேதி.

அமெரிக்கக் கதை இன்னும் வெளிப்படையானது. ஜோஷுவா லயனல் கோவன் 1900இல் நியூயார்க்கில் லயனல் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர் செய்த முதல் மின்சார வண்டி விளையாட்டுப் பொருளே அல்ல. கடையின் கண்ணாடிச் சன்னலுக்குள் சரக்கைச் சுமந்துகொண்டு சுற்றிவந்து, தெருவில் போகிறவர்களை நிறுத்துவதற்கான விளம்பரக் கருவி அது. நின்றவர்கள் சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலைக்குக் கேட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. கேட்டவர்கள் கேட்டதையே கோவன் விற்கத் தொடங்கினார். அப்பாவும் மகனும் தரையில் குப்புறப் படுத்து ரயில் ஓட்டும் காட்சியை அமெரிக்கக் கிறிஸ்துமஸின் நிரந்தரப் படமாக ஆக்கியதில் லயனலின் வண்ண விலைப்பட்டியல்களுக்குப் பெரும் பங்குண்டு. 1950களின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய பொம்மைத் தயாரிப்பாளராக அது நின்றது.

கிறிஸ்துமஸ் மரத்தடிக்கு ரயில் வருவதற்கு முன்பே அங்கே ஒரு நிலம் இருந்தது என்பதை வணிக வரலாறு அவ்வளவாகச் சொல்வதில்லை. பென்சில்வேனியாவில் குடியேறிய மொராவியக் கிறிஸ்தவர்கள், ஏசு பிறந்த தொழுவத்தை மரத்தடியில் அமைத்தார்கள். அதோடு நில்லாமல் பாசியும் கல்லும் மரப்பட்டையும் கொண்டு மலை, ஓடை, ஊர் என்று விரித்தார்கள். புட்ஸ் என்பது அதன் பெயர். கொலுப்படிகளின் ஓரத்தில் மண் பரப்பிப் பூங்காவும் தெப்பக்குளமும் அமைத்துப் பழகிய நம் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. 1920களிலும் 30களிலும் ஜப்பானிலிருந்து வந்த, மினுமினுப்புத் தூள் தூவிய அட்டை வீடுகள் இந்த ஊர்களில் குடியேறின. ரயில் கடைசியாக வந்து சேர்ந்து, தொழுவத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியது. பெத்லகேமில் ரயிலா என்று எவரும் கேட்கவில்லை. பொம்மை ஊர்களில் காலக்குழப்பம் குற்றமாகாது.

ஆக மரத்தடியில் இரண்டு மரபுகள் சந்தித்தன. ஒன்று கையால் செய்வது, மற்றது கடையில் வாங்குவது. இந்த இரண்டின் உறவைப் பற்றி யோசிக்க நமக்கு உதவுபவர், ரயிலைப் பற்றி எழுதாத ஒருவர். ரோலான் பார்த் தம் 'மித்தாலஜீஸ்' நூலில் பொம்மைகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் பொம்மைகள் பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கித் தருகின்றன. குழந்தை அதில் உரிமையாளனாகவும் பயன்படுத்துபவனாகவும் மட்டுமே இருக்க முடிகிறது, படைப்பவனாக இருக்க முடிவதில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. பிளாஸ்டிக்கைச் சாடி மரத்துக்காக ஏங்கவும் செய்கிறார். சற்று அதிகமாகவே ஏங்குகிறார் என்பது நம் எண்ணம். ஆனால் குற்றச்சாட்டின் மையம் உறுதியானது. முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதன்முன் தலைகுனிந்து நிற்க வேண்டியதே.

அந்த நூல் வெளியான 1957ஆம் ஆண்டில்தான், விற்பனை சரியத் தொடங்கியிருந்த லயனல் நிறுவனம் சிறுமிகளுக்கென்று ஒரு ரயிலை வெளியிட்டது. நீராவி எஞ்சின் இளஞ்சிவப்பு, கடைசிப் பெட்டி வெளிர்நீலம், நடுவில் மஞ்சளும் ஊதாவும். சிறுமிகள் அதைத் தீண்டவில்லை. ரயில் வேண்டும் என்று கேட்ட சிறுமிக்கு வேண்டியிருந்தது ரயில். கரியும் புகையும் படிந்த, அண்ணனுடையதைப் போன்ற கறுப்பு ரயில். விற்காத எஞ்சின்களுக்குச் சில கடைக்காரர்கள் கறுப்பு வண்ணம் பூசி விற்றார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. தோற்றுப்போன அதே இளஞ்சிவப்பு ரயிலைச் சேகரிப்பாளர்கள் இன்று பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள். பிறருடைய ஆசையை அவருக்காக நாமே எழுதிவிடும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பொம்மைகளின் வரலாற்றில் நமக்குத் தட்டுப்படவில்லை. ஒரு தலைமுறைச் சிறுமிகளுக்கு முதல் பட்டியலும் இல்லை, இரண்டாவதும் இல்லை. படங்களில் அவர்கள் தட்டில் பலகாரத்தோடு கதவோரம் நின்றார்கள்.

லயனலின் இன்னொரு தோல்வி இதற்கு நேர் எதிரானது, நம் அன்புக்கு உரியதும்கூட. 1942இல் போர்க்காலக் கட்டுப்பாடுகளால் உலோகப் பொம்மைகள் செய்வது நின்றுபோனது. தொழிற்சாலை கப்பல்களுக்கான திசைகாட்டிகளையும் பிற கருவிகளையும் செய்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் காத்திருக்காது. 1943இல் லயனல் ஒரு டாலர் விலையில் காகித ரயில் ஒன்றை விற்றது. அச்சிட்ட தடித்த அட்டைகளிலிருந்து இருநூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பிரித்தெடுத்து, மடித்து, ஒன்றின் காதை இன்னொன்றின் துளையில் செருகி, எஞ்சினையும் பெட்டிகளையும் தண்டவாளத்தையும் உருவாக்க வேண்டும். சக்கரங்களும் அட்டைதான். மின்சாரம் கிடையாது, கையால் தள்ள வேண்டும். அதைச் சரியாகப் பொருத்துவது ஏறக்குறைய இயலாத காரியம் என்று பெயரெடுத்தது. அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் எத்தனை தந்தையர் பொறுமையிழந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பல தந்தையர் வீட்டிலேயே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த ரயிலைச் சந்தையின் கேலிப்பொருளாகவே இன்றும் குறிப்பிடுகிறார்கள். எனக்கு ரயில் வாங்கிக் கொடு என்று பட்டியல் எழுதிய குழந்தைக்கு, இந்தா, நீயே செய் என்று ஒரு பெரிய நிறுவனம் வேறு வழியின்றிப் பதில் சொன்ன அபூர்வத் தருணமாக அது நமக்குப்படுகிறது. சொன்ன விதம் மோசம், துண்டுகள் பொருந்தவில்லை. ஆனால் மெட்காஃப் போன்ற ஆங்கிலேய நிறுவனங்களின் அட்டைக் கட்டடத் தொகுப்புகள் இன்றும் ஆர்வலர்களின் விடுமுறை மேசைகளில் விரிகின்றன. கூர்மையான கத்தி, உலோக அளவுகோல், வெள்ளைப் பசை, வெட்டிய விளிம்பின் வெண்மையை மறைக்க ஒரு வண்ணப் பென்சில். ஒரு மாலையில் ஒரு கடை எழும்பிவிடும், ஒரு வாரத்தில் ஒரு தெரு.

இந்த விடுமுறை வேலைகளின் நுணுக்கங்கள் தனி இன்பம் தருபவை. தண்டவாளத்தின் நடுவே பொடிக்கற்களைப் பரப்பி ஒட்ட வேண்டும். நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது கல்லின்மேல் உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. முதலில் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு துளி கலந்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டால் நீரின் மேற்பரப்பு இழுவிசை உடைந்து பசை இறங்கிவிடும். மலைக்குக் கம்பி வலையும், பிளாஸ்டரில் தோய்த்த காகிதத் துண்டுகளும். மரங்களுக்குத் தோட்டத்தில் காய்ந்த பூங்கொத்துகளின் காம்பு. புல்லுக்கு அந்தக் காலத்தில் சாயமேற்றிய மரத்தூள். இன்று நிலைமின்சாரத்தால் நட்டுக்குத்தாக நிற்கவைக்கும் நைலான் இழைகள். நியூயார்க் தாவரவியல் பூங்காவில் 1992 முதல் நடந்துவரும் விடுமுறைக்கால ரயில் காட்சியில், நகரத்தின் புகழ்பெற்ற கட்டடங்கள் எல்லாம் பட்டை, சுள்ளி, விதை, காய் ஆகியவற்றால் ஆனவை. மொராவியர்களின் பாசிமலை அங்கே இன்னும் தொடர்கிறது.

இப்படிக் கட்டியெழுப்பும் முழு நிலப்பரப்புக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் லேஅவுட். நம் ஊரில் மனைப்பிரிவுக்கு வழங்கும் அதே சொல். இரண்டிலும் வரைபடத்தில் இருக்கும் பூங்கா கடைசியில்தான் வரும், வந்தால்.

லேஅவுட் கட்டுவது பொய்களைத் தேர்ந்தெடுக்கும் கலை. இலக்கிய வாசகர்களின் கவனத்துக்கு நாம் கொண்டுவர விரும்புவது இதைத்தான். ஹெச்ஓ எனப்படும் 1:87 அளவில், மேசைமேல் வழக்கமாகப் போடும் 18 அங்குல ஆரமுள்ள வளைவை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 40 மீட்டர்தான் வரும். எந்த விரைவு வண்டியும் அப்படித் திரும்ப முடியாது. பிரிட்டிஷ்காரர்களின் ஓஓ அளவு இதைவிட வினோதம். அந்நாட்டு எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அன்றைய மோட்டார்கள் 1:87க்குச் சுருக்கிய உடலுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் 1:76க்குப் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். உடலுக்குப் பொருந்தாத குறுகிய பாதையில் அந்த ரயில்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பார்ப்பவர் கண் அதை மன்னித்துவிடுகிறது. காலத்துக்கும் இதே கதிதான். ஒரு மணி நேரத்தில் பல மணி நேரம் ஓடிவிடும் வேகக் கடிகாரத்தை மாட்டி, அதன்படி கால அட்டவணையை நடத்துவார்கள். ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்டில் ஒரு முழு நாள் கால் மணி நேரத்தில் விடிந்து இருட்டிவிடுகிறது. எதை விடுவது, எதைச் சுருக்குவது, எங்கே ஒரே ஒரு வீட்டை வைத்து ஓர் ஊரைச் சொல்வது என்ற கேள்விகளைச் சிறுகதை எழுதுகிறவர்கள் அறிவார்கள்.

ஃபிராங்க் எலிசன் என்ற அமெரிக்கர் இந்த உறவை 1940களிலேயே எழுத்தில் வைத்தார். 1934 முதல் வெளிவரும் 'மாடல் ரயில்ரோடர்' இதழில் அவர் எழுதிய கட்டுரைகள், லேஅவுட்டை நாடக மேடையாகப் பார்த்தன. நிலக்காட்சி அரங்கம், ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணை நாடகத்தின் கதைப்போக்கு. ரயில் வெறுமனே வட்டமடிப்பதை அவர் ஏற்கவில்லை. ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு, ஒரு காரணத்துக்காக அது போக வேண்டும். இந்த ஒரு வாதத்தால் பொம்மை கதையாகிவிடுகிறது. முதல் பட்டியலில் எத்தனை எஞ்சின்கள் சேர்ந்தாலும் அவை எங்கே, எதற்காகப் போகின்றன என்பதற்கு விடை எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் கட்டிய லேஅவுட்டை இத்துறையின் செவ்வியல் படைப்பு என்று சொல்வார்கள். துருவும் அழுக்கும் படிந்த எஞ்சின்களை ஒரு கலையாக ஆக்கிக் காட்டியவர் அவர். அவருடைய ரயில் முற்றத்தில் பெட்டிகளை இழுத்து மாற்றும் வேலையை எஞ்சினுக்குப் பதிலாக ஒரு டைனோசர் செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்; யதார்த்தவாதத்தின் உச்சத்தில் இருந்தவருக்கு மட்டுமே வாய்க்கும் குறும்பு அது. பல்லாண்டுகள் கட்டிக்கொண்டேயிருந்த அவர் 1973 ஜனவரியில் காலமானார். சில நாட்களில் நேர்ந்த ஒரு தீ விபத்தில் லேஅவுட்டும் அழிந்தது. மிஞ்சியவை அவர் எடுத்த புகைப்படங்களே. அவர் சேர்த்து வைத்த எஞ்சின்கள் எத்தனை என்று இன்று யாரும் கேட்பதில்லை.

முதல் பட்டியலின் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கை நடுங்கும், கண் மங்கும் முதியவர்களுக்கு நேர்த்தியாகத் தயாரித்து வரும் எஞ்சின் ஒரு வரம். பாடகர் நீல் யங், பெருமூளை வாதம் கொண்ட தம் மகனும் ரயில் ஓட்ட வேண்டும் என்பதற்காகப் பெரிய பொத்தான் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்கினார். அந்த நாட்டம் அவரை 1990களில் லயனலின் பங்குதாரராகவே ஆக்கியது. வாங்குவதற்கும் செய்வதற்கும் இடையிலான கோட்டை அந்தத் தந்தை அழித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பொதுப்போக்கு வேறு. பெரிய ஓஓ எஞ்சின் ஒன்றின் விலை இன்று 200 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். பல தயாரிப்புகள் முன்பதிவுக்கு ஏற்ப ஒருமுறை செய்யப்படுகின்றன. இப்போது வாங்காவிட்டால் எப்போதும் கிடைக்காது என்ற பதற்றத்தில் பெட்டிகள் வந்து சேர்கின்றன, பிரிக்கப்படாமலே அலமாரியில் அடுக்கப்படுகின்றன. இவ்வளவு வாங்கியும் வணிகமாவது பிழைத்ததா என்றால், அதுவும் நிச்சயமில்லை. மார்க்லின் 2009இல் திவாலானது. 2013இல்தான் வேறொரு பொம்மை நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 1946இல் லிவர்பூலில் தொடங்கிய ஹாட்டன்ஸ் கடை, மூடப்போவதாக 2024இல் அறிவித்தது. பர்மிங்காமில் ஆண்டுதோறும் கூடிய வார்லி தேசியக் கண்காட்சி 2023க்குப் பிறகு நடக்கவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் காத்துவந்த 'ரோட்சைட் அமெரிக்கா' என்ற மாபெரும் மாதிரிக் கிராமம் 2020இல் மூடப்பட்டுத் துண்டு துண்டாக விற்கப்பட்டது.

இளைஞர்கள் வரவில்லை, திரை அவர்களைத் தின்றுவிட்டது என்று மூத்த ஆர்வலர்கள் அங்கலாய்க்கிறார்கள். 200 பவுண்டுப் பெட்டியை நுழைவாயிலில் வைத்துவிட்டு, யாரும் உள்ளே வரவில்லை என்பதில் என்ன நியாயம்? அட்டையும் பசையும் கத்தியும் ஒரு வார விடுமுறையும்தான் வாசல் என்று காட்டினால் வருகிறவர்கள் வருவார்கள். தம் மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக மரத்துண்டுகளில் எஞ்சின் செய்து கொடுத்த ஆங்கிலப் பாதிரியார் ஆட்ரியிடம் விலைப்பட்டியல் எதுவும் இல்லை. போர்க்காலம், கடையில் பொம்மையும் இல்லை. அவர் செய்த எஞ்சின்களில் ஒன்றுதான் தாமஸ்.

ஆகவே இந்த ஆண்டு நம் யோசனை எளியது. ஆர்வலர்கள் ஃபிரிட்ஜ் கதவில் இரண்டாவது பட்டியலை ஒட்டட்டும். கூரையில்லாத நிலையம், பூசப்படாத குன்று, தடம்புரளும் இணைப்பு. அதைப் படிக்கும் மகளோ பேத்தியோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அவளுக்கென்று இளஞ்சிவப்பில் எதையும் எடுத்து வைக்க வேண்டாம்.

பால்டிமோர் நகரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அந்தந்த வட்டாரத்துத் தீயணைப்பு நிலையங்களில் வீரர்கள் கிறிஸ்துமஸ் தோட்டம் என்ற பெயரில் ரயில் லேஅவுட்டுகளை அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். கட்டுமான வேலை அழைப்புகளுக்கு இடையே நடக்கும். மணி அடித்தால் பசைக்குப்பியை மூடக்கூட நேரமிருக்காது; திரும்பி வந்து, பாதியில் விட்ட வேலியிலிருந்து தொடர்வார்கள். பிள்ளைகள் கைப்பிடிக் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்ப்பார்கள். உண்டியலில் சில்லறை விழும். பண்டிகை முடிந்ததும் எல்லாம் பிரிக்கப்பட்டு, தீயணைப்பு வண்டி நிற்கும் இடம் மீண்டும் வண்டிக்கே கிடைத்துவிடும்.